நடுவில் நிற்கும் பெண் யார்?

1

ஸ்பெயின் அரசாங்கத்தின் கோப்பு ஒன்றில் என் பெயர் சந்தேகத்துக்கு உரிய பெண் என்று ஏறியிருக்கிறது. வலென்சியாவுக்கு வந்து இருபத்தாறு வருடம். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் பிள்ளைகளுக்குப் பருப்பும் மீனும் சமைக்கிறேன். வாகனமே இல்லாத வீதியிலும் பச்சை விளக்கு எரியும்வரை நின்று கடக்கிறவள் நான். எனக்கு இந்தப் பெயர் வந்தது ஒரு கலியாணப் படத்தால்.

படத்தில் வலப்பக்கம் நிற்பவன் மாப்பிள்ளை றெஜி. கொழும்பு கொட்டாஞ்சேனைப் பெடியன், புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் வேலை. இடப்பக்கம் நிரோஷா. என்னோடு சமையலறையில் வேலை செய்யும் செல்வியின் மகள். பன்னிரண்டு வயதில் வலென்சியாவுக்கு வந்தவள், இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. இருவருக்கும் நடுவில், மயில் கழுத்து நிறச் சேலையில், முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நான்.

ஒரு படமென்றால் பரவாயில்லை. கோயில் வாசலில், சாப்பாட்டு மேசையில், காலிமுகத்திடல் கடற்கரையில், எங்கே பார்த்தாலும் நடுவில் நான். கலியாணம் முடிந்து நிரோஷா கொழும்பில் நின்றது பத்தே நாள். அந்தப் பத்து நாளும் புதுப் பெண்ணுக்கு இடம் தெரியாதே என்று நானும் கூடவே போனேன். இதில் என்ன பிழை என்று கொழும்பில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது வலென்சியாவில் விசா விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி அம்மா. பொய்க் கலியாணங்களைப் பிடிப்பது அவருடைய வேலை. படத்தின் நடுவில் விரலை வைத்து, "இந்தப் பெண் யார்?" என்று நிரோஷாவிடம் கேட்டாராம்.

2

எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறது என்ற செய்தி எப்படிப் பயணம் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதிகாரி அம்மாவுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்கா கமலா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனைக் கிளையில் இருந்த காலத்தில் றெஜியின் தாயைப் பழக்கம். அக்கா பெடியனின் படத்தை எனக்கு அனுப்பினார், நான் செல்விக்குக் காட்டினேன், செல்வி மகளுக்குக் காட்டினாள். நிரோஷா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது, "முகம் பரவாயில்ல. கதைச்சுப் பார்ப்பம்." அவ்வளவுதான். செல்வி வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம், "பிள்ளைக்கு விருப்பம் போலத்தான் கிடக்கு" என்றாள். நான் அக்காவிடம், "பிள்ளைக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு" என்றேன். அக்கா கொட்டாஞ்சேனைக்கு எடுத்து, "பிள்ளை படத்தைத் தலையணைக்குக் கீழ வச்சிருக்காம்" என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்த செய்தியும் அப்படித்தான். றெஜி சொன்னது, "அம்மாவுக்குச் சரியெண்டா எனக்கும் சரி." வலென்சியா வந்து சேர்ந்தபோது பெடியன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். தலையணை அக்காவின் கைவண்ணம். சோறு தண்ணி என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நேர்முகம் காணொளியில், ஆங்கிலத்தில் நடந்தது. இருவரையும் தனித்தனியே கேட்டார்கள். மனைவிக்கு உங்களைப் பிடித்திருக்கிறது என்று எப்போது தெரிந்தது என்ற கேள்விக்கு றெஜி, "கமலா அன்ரி சொன்ன அன்று" என்றிருக்கிறான். கமலா யார்? "வங்கியில் இருந்தவர்." அதிகாரி அம்மா குனிந்து எதையோ எழுதினாராம். அதே கேள்விக்கு நிரோஷா, "கௌரி அன்ரி சொன்னா" என்றிருக்கிறாள். கௌரி யார்? "படத்தில் நடுவில் நிற்கிறவர்." மனைவியிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று றெஜியிடம் கேட்டபோது அவன் யோசிக்கவேயில்லை. "நல்ல குடும்பம்."

அவன் பாவம். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களிடம் உண்டா?

கடிதம் வந்தது. இருவரின் பதில்களும் பொருந்தவில்லை, இருவருக்கும் இடையே உண்மையான உறவு இருப்பதாகத் தெரியவில்லை, இன்னொரு நேர்முகம் நடக்கும், அதுவே கடைசி. அதிலும் தவறினால் வழக்கு, மேன்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுபடும். செல்வி சமையலறையில் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இரவு நித்திரையாவது வந்திருக்கும்.

3

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்ட, அக்காவின் முழங்கால் சத்திரசிகிச்சைக்காக நான் வெள்ளவத்தைக்கு வந்தேன். செல்விக்கு ஒரு வாக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை றெஜி ஸ்பானிய மொழியிலேயே பதில் சொல்வான், பிடித்திருக்கிறது என்று வாய் திறந்து சொல்வான், நான் பொறுப்பு.

புதன் மாலையும் ஞாயிறு பூசை முடிந்தும் றெஜி வருவான். கடற்கரை ரயிலில் வந்து இறங்கி, ஒழுங்கையால் ஏறி, மூன்று மாடி நடந்து வருவான். அக்காவின் தொடர்மாடியில் லிப்ட் இருக்கிறது. இருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் கிழமை எனக்கு ஒரே பெருமை. ஆங்கிலக்காரர்கள் தலைகீழாக நின்று படிக்கிற இடம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குப் பிட்டுப் பிடிக்கும் என்று நாங்கள் சொல்கிற அதே முறையில்தான் அவர்களும் சொல்கிறார்கள். மெ குஸ்தா. றெஜி வெளுத்து வாங்கினான். பிட்டுப் பிடிக்கும், மழை பிடிக்கும், கிரிக்கெட் பிடிக்கும், ஹெந்தளைப் பக்கம் கடல் பிடிக்கும்.

"சரி. இப்ப நிரோஷாவைப் பிடிக்கும் எண்டு சொல்லும்."

மின்விசிறியைப் பார்த்தான்.

"சொல்லும் றெஜி."

"அம்மாவுக்கு நிரோஷாவைப் பிடிக்கும்" என்று ஸ்பானிய மொழியில் சொன்னான். ஒரு பிழை இல்லை.

"அம்மாவை விடும். உமக்கு?"

"தங்கச்சிக்கும் பிடிக்கும்."

"ஐயோ, உமக்கு!"

காது இரண்டும் சிவந்துவிட்டன. "அன்ரி, கொஞ்சம் தண்ணி குடிக்கவா?" என்று எழுந்துபோனான். காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்த அக்கா, "நல்ல பெடியன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பிழை அவனில் இல்லை என்று எனக்கும் தெரியும். வலென்சியாவில் இறங்கிய புதிதில் நானும் இப்படித்தான் முழித்தேன். அங்கே ஒரு ஆள் மேல் உள்ள விருப்பத்துக்குப் படிக்கட்டு உண்டு. நல்ல ஆள் என்பதற்கு ஒரு சொல், மனம் போய்விட்டது என்பதற்கு வேறொன்று, உயிருக்குயிர் என்பதற்கு இன்னொன்று. எங்கள் தலைமைச் சமையல்காரி பிலாரிடம் நீங்கள் நல்ல மனுசி என்று சொல்ல நினைத்து, இரண்டாம் படியில் கால் வைத்துவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. இன்றைக்கும் என்னைக் கண்டால் கண்ணடிப்பாள். ஆனால் அந்தச் சனத்துக்கு இது ஒரு விசயமே இல்லை. தே கியெரோ, உன்னில் எனக்கு அன்பு என்று தாய்க்குச் சொல்கிறார்கள், தோழிக்குச் சொல்கிறார்கள், நாய்க்கும் சொல்கிறார்கள். என் மகள் நிலா இப்போது பில்பாவோவில் படிக்கிறாள். ஒவ்வொரு தடவையும் போனை வைக்கமுன் "தே கியெரோ, மாமா" என்பாள். மாமா என்றால் அங்கே அம்மா. நான் "ஓம் ஓம், வை" என்பேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். அது அவளுக்குத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்த மாதிரி ஒரு புதன்கிழமை றெஜி கேட்டான். "அன்ரி, நீங்க அங்கிளுக்கு எப்பிடிச் சொன்னீங்க?"

"என்னத்தை?"

"பிடிச்சிருக்குன்னு."

என் கணவர் சிவாவைப் பெண் பார்க்க வந்த நாளில், அம்மா கேட்டபோது "உங்கட விருப்பம்" என்றேன். அதை என் தாய்மாமன் கொண்டுபோய்ச் சேர்த்தார். எப்படிச் சேர்த்தார், அதில் தலையணை இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடமாக ஒன்றாக இருக்கிறோம்.

"இது அங்கிளின்ர வகுப்பில்ல. பாடத்தைப் படியும்" என்று சத்தம் போட்டேன்.

4

இப்படியே போனால் விடியாது என்று அக்காவை அதிகாரியாக வைத்து ஒத்திகை பார்த்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டு, வங்கிக்காலத்துக் கோட்டை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலை மேசையில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்த்தால் எனக்கே பயம் வந்தது.

"தம்பி, கூடப் பிறந்தது எத்தினை பேர்?"

"ஒரு தங்கச்சி, பெரியன்ரி."

"குடிப் பழக்கம் உண்டோ?"

"நத்தார் பண்டிகைக்கு மட்டும்."

"சொந்த வீடோ, வாடகையோ?"

"அக்கா!" என்றேன். "நீ மாப்பிள்ளை பார்க்கிறாய். விசா குடுக்கேல்ல."

"இதெல்லாம் கேக்காமல் என்னண்டு விசா குடுக்கிறது?" என்றார் அக்கா.

அன்றைக்குத்தான் நான் அந்த முடிவுக்கு வந்தேன். சொல்ல வராத பெடியனுக்குச் சொன்ன கதை ஒன்றை எழுதிக் கொடுப்பது. கலியாணம் முடிந்த நாலாம் நாள், காலிமுகத்திடல், சூரியன் இறங்குகிற நேரம். றெஜி முதலில் சொல்கிறான். நிரோஷா வெட்கப்பட்டு, எனக்கும்தான் என்கிறாள். அரைப் பக்கம், எளிய ஸ்பானியம். இருவருக்கும் அனுப்பிவைத்தேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

றெஜி இரண்டு தரம் வாசித்தான். "அன்ரி, அண்டைக்கு நீங்கதானே எங்களுக்கு நடுவுல நிண்டீங்க. நான் எங்க சொன்னேன்?"

"நான் இறால் வடை வாங்கப் போன நேரம் சொன்னனீர் எண்டு வையும்."

"வடை வாங்கப் போனது நான் அன்ரி. நீங்க கொஞ்சமும் அசையல்ல."

"றெஜி, உமக்கு விசா வேணுமோ, வேண்டாமோ?"

தலையைக் குனிந்துகொண்டான். "வேணும்" என்றான். பிறகு, "அவங்க அங்க தனிய பஸ்ஸுல வேலைக்குப் போறாங்க. ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் எனக்கு எடுப்பாங்க. பஸ் வந்ததும் வச்சிருவாங்க. சில நாளைக்கு பஸ் பிந்தி வரணும்னு மாதாகிட்டக் கேப்பேன்" என்றான்.

இதைச் சொல்லத் தெரிந்த வாய்க்கு அதைச் சொல்ல என்ன கேடு என்று நினைத்தேன். இதையே அங்கேயும் சொல்லும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது என் அரைப் பக்கத்தில் மயங்கிக் கிடந்தேன். "அதை விடும். நாலாம் நாள், காலிமுகத்திடல், சொல்லும்" என்றேன்.

5

நேர்முக நாள். முதலில் வலென்சியாவில் நிரோஷாவை நேரில் கூப்பிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் வெளியே வாங்குப் பலகையில் இருத்தி, போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு கொழும்பில் ஓர் அலுவலக அறையில் இருந்த றெஜியைக் காணொளியில் எடுத்தார்கள். நான் அக்காவின் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறேன் என்று நல்ல காலுக்குப் பூசிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம். றெஜி. மூன்று மாடியும் ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்குகிறது. கழுத்துப் பட்டி முதுகில் கிடந்தது.

"சொன்னனீரோ?"

"இல்ல அன்ரி."

"என்ன இல்ல?"

"காலிமுகத்திடல் சொல்லல்ல. யாரு முதல்ல சொன்னதுன்னு கேட்டாங்க. யாரும் இன்னும் சொல்லல்லன்னு சொல்லிட்டேன். பொய் சொல்ல வாய் வரல்ல."

அக்கா கட்டிலில் இருந்து, "அட கடவுளே" என்றார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஆறு கிழமை, மூன்று மாடி, அரைப் பக்கம், செல்வியின் முகம், என் வாக்கு, எல்லாம் சொல்லித் திட்டினேன். கடைசியில் எனக்கு மூச்சு முடிய, அவன் மெல்லச் சொன்னான்.

"இன்னும் ஒண்டு கேட்டாங்க. அப்ப உங்களுக்கு அவங்களைப் பிடிக்குமா, எங்கிட்டச் சொல்லுங்கன்னு."

"அதையாவது சொன்னனீரோ?"

"இல்ல அன்ரி."

"ஐயோ!"

"முதல்ல அவங்களுக்குச் சொல்லணும், பிறகுதான் உங்களுக்குன்னு சொன்னேன். எல்லாரும் அவங்களுக்கு முதல் கேட்டுட்டாங்க அன்ரி. அம்மா, நீங்க, பெரியன்ரி. இவங்களும் முதல் கேக்கணுமா?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"அதுக்கு அந்த மனுசி என்ன சொன்னவ?"

"பேனையை வச்சாங்க. வச்சிட்டு, உங்க மனைவி வெளியில வாங்குல இருக்காங்க, இப்பப் போனைக் குடுக்கச் சொல்றேன்னாங்க. சிரிச்ச மாதிரித்தான் இருந்துச்சு. சரியாத் தெரியல்ல."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. நிரோஷா. அவளிடமும் நான் அதையேதான் கேட்டேன். சொன்னனியோ?

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்தது. ஆனா அவர் உங்களிட்டச் சொன்னாரா எண்டு அந்த மனுசி என்ர முகத்தைப் பார்த்துக் கேட்க, எனக்குப் பொய் வரேல்ல. இன்னும் சொல்லேல்ல எண்டு சொல்லிட்டன். அப்ப நீங்க சொன்னீங்களா எண்டு கேட்டா. அவர் முதல் சொல்லட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன் எண்டன்."

இருவரின் பதிலும் ஒன்று. நான் எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கமும் ஒருசேரக் குப்பைக்குப் போயிருக்கிறது. விசா கிடைத்த கடிதம் மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. பதில்கள் பொருந்துகின்றன என்று அதில் இருந்தது. ஆனால் அந்தப் பின்னேரம் எங்களுக்கு அது தெரியாது. இணைப்பில் அவள், வாசலில் அவன், நடுவில் போனோடு நான்.

"நிரோஷா, அவர் இஞ்சதான் நிக்கிறார்" என்றேன். "என்ன சொல்லோணும் எண்டு நான் கேட்டுச் சொல்லட்டோ?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் றெஜி கையை நீட்டினான்.

"அன்ரி, கோவிக்காதீங்க. வீட்டுல அம்மாவும் தங்கச்சியும் இருப்பாங்க. ரோட்டுல சரிவராது. எனக்குத் தெரிஞ்சு சாத்துறதுக்குக் கதவு இருக்கிறது இங்கதான். கொஞ்ச நேரம் வெளியில நிக்கிறீங்களா?"

ஆறு கிழமைப் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கு, ஸ்பானியத்திலா தமிழிலா சொல்லப்போகிறான் என்று கேட்கவும் உரிமையில்லை. போனைக் கொடுத்தேன். அக்காவைத் தாங்கிப் பிடித்து எழுப்பி, ஊன்றுகோலோடு வெளியே கூட்டிப்போனேன். றெஜி கதவைச் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாளும் போட்டான். அக்கா ஓடாத லிப்டின் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, காதைக் கதவுப் பக்கம் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. கீழே மீன்காரனின் மணிதான் கேட்டது.

எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்காவின் போனை வாங்கிக்கொண்டு அரை மாடி கீழே இறங்கிப்போய், வலென்சியாவுக்கு எடுத்தேன். சிவா எடுத்தார். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம், பூச்சட்டிகளுக்கு ஊற்றுகிறார் போல.

"என்ன, அக்கா விழுந்திட்டாவோ?"

"இல்ல. அக்கா நல்லா இருக்கிறா."

"பிறகு?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஸ்பானியத்தில்தான் வந்தது. மூன்றாம் படி. பிழையில்லாமல் சொன்னேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். அறவில்லை.

"கௌரி" என்றார் சிவா மெதுவாக. "இதை ஆர் சொல்லச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.